சுட்ட மண்ணில் எழுதிய பெயர்கள்

மண்ணுக்கும் மரணத்துக்கும் உள்ள உறவு மிகத் தொன்மையானது. ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட முதுமக்கள் தாழிகளும், இலங்கையின் வடமேற்குக் கரையை அடுத்த பொம்பரிப்பிற் கண்டெடுக்கப்பட்ட தாழிகளும், இறந்தாரின் எலும்புகளைச் சுட்ட மட்கலத்தில் இட்டுப் பேணிய மக்களின் அன்புக்குச் சான்றாய் நிற்கின்றன. தாழியில் இடும் வழக்கம் மறைந்த பின்னரும் மட்கலம் மறையவில்லை. சுடலையிற் கொள்ளி வைப்பவரின் தோளிற் குடம் ஏறுகின்றது. துளையிடப்பட்டு, நீர் ஒழுக, இறுதியில் உடைக்கப்படுகின்றது. அந்தியேட்டி நாளிற் கீரிமலைக் கடலிற் கரைக்கப்படும் சாம்பலும் மண் முட்டியிலேயே செல்கின்றது. பிறந்தவர் மண்ணுக்கே மீளுகின்றார் என்னும் உண்மையை இவ்வெளிய கலம் பேசாமற் பேசுகின்றது.

இச்சடங்குகள் யாவற்றுக்கும் இன்றியமையாதது ஒன்றுண்டு. அஃது இறந்தவரின் உடல். உடல் இருந்தாலன்றிச் சிதை இல்லை; சிதை இல்லையேற் சாம்பல் இல்லை; சாம்பல் இல்லையேற் கடலுக்குச் செல்ல முட்டியும் இல்லை. காவலர் வந்து அழைத்துச் சென்றார்கள். அழைத்துச் சென்றவர் திரும்பவில்லை. கேட்டாலோ, அப்படி ஒருவரை நாம் அழைத்துச் செல்லவே இல்லை என்பதே விடை. இவ்வாறான நிலையில், பிரிந்தவருக்காக ஒரு தாய் எந்தக் குடத்தை உடைப்பாள்? எங்கே விளக்கேற்றுவாள்?

இவ்வினாவுக்குத் தென் அமெரிக்காவின் இரு நாடுகளில், சிலியிலும் ஆர்ஜென்ரீனாவிலும், சாதாரண மக்கள் தம் கைகளாலேயே ஒரு விடை தேடினர். ஓட்டுத் துண்டுகளும், பெயர் பொறித்த சுட்டமண் வில்லைகளும், அயலவர் கூடிச் செய்த நடைபாதை ஓடுகளும் அவ்விடையின் பகுதிகளாகும். அரசர்கள் எழுப்பும் வெற்றித் தூண்களைப் போல அவை நிமிர்ந்து நிற்பனவல்ல. பெரும்பாலானவை காலடியிற் கிடப்பன. ஏன் அவை காலடியிற் கிடக்கின்றன என்பதை அறிந்துகொண்டால், அவற்றின் பொருள் முழுவதும் விளங்கிவிடும்.

சிலி நாட்டில் 1973ஆம் ஆண்டு செப்ரெம்பர் 11ஆம் நாள் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜனாதிபதி சல்வடோர் அயெந்தே அன்றே உயிரிழந்தார். ஜெனரல் பினோசேயின் தலைமையில் அமைந்த ஆட்சி 1990ஆம் ஆண்டு வரை நீடித்தது. 1974ஆம் ஆண்டு முறைப்படி நிறுவப்பட்ட ‘தீனா’ என்னும் இரகசியப் பொலிஸ், நாடெங்கும் மறைவான சிறைக்கூடங்களை நடத்தியது. பிற்காலத்தில் அரசு அமைத்த ஆணைக்குழுக்களின் கணக்கின்படி, சித்திரவதைக்கும் அரசியற் சிறைக்கும் உள்ளானோர், கொல்லப்பட்டோர், காணாமலாக்கப்பட்டோர் ஆகிய எல்லோரையும் சேர்த்து 40,000க்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்கப்பட்டுள்ளனர். அவர்களுள் உயிரிழந்தோரும் காணாமற் போனோரும் 3,000க்கு மேற்பட்டோர்.

காவலில் ஒருவரைக் கொல்வது பழைய கொடுமை. ஆனால் காவலில் எடுத்ததையே மறுப்பது அதனினும் கொடிய ஒரு முறை. சட்டப்படி நீதிமன்றத்தை நாடுவோர், இன்ன சிறையில் இன்னார் இருக்கின்றார் என்று காட்டவேண்டும். அவரைக் காவலில் வைத்திருக்கவில்லை என்று அதிகாரிகள் எழுத்தில் தந்துவிட்டால், வழக்கு அங்கேயே வீழ்ந்துவிடும். இம்முறையினால் ஒரு மனிதரிடமிருந்து மூன்று பொருள்கள் பறிக்கப்படுகின்றன. முதலாவது அவர் உடல்; இரண்டாவது அவர் பெயர்; மூன்றாவது அவர் இருந்த இடம். உடல் கடலுக்கோ பாலைநிலத்துக்கோ செல்கின்றது. பெயர் பதிவேட்டில் இல்லாமற் போகின்றது. இடம் இரகசியமாகின்றது. மண்ணாலான நினைவுச் சின்னங்கள் இம்மூன்றில் எவற்றை மீட்க வல்லன, எதனை மீட்க மாட்டா என்பதே இங்கு ஆராயத்தக்கது.

சிலியின் தலைநகரான சந்தியாகோவின் கிழக்கெல்லையில், அந்தீஸ் மலையடிவாரத்தில், பெஞ்ஞலோலேன் என்னும் பகுதி உளது. அங்கே வில்லா கிரிமால்டி என்றொரு பழைய மாளிகை இருந்தது. சோலையும் நீரூற்றும் நீச்சற் குளமும் ரோசாத் தோட்டமும் சூழ்ந்த அம்மாளிகை, இராணுவ ஆட்சிக்கு முன்னர் விருந்துகளும் இசை நிகழ்ச்சிகளும் நடைபெறும் உணவு விடுதியாக விளங்கியது. ஆட்சி மாறியதும் இரகசியப் பொலிஸார் அதனைத் தமதாக்கினர். அதற்குத் தெரநோவா முகாம் என மறைபெயரும் இட்டனர். ஏறத்தாழ 4,500 பேர் அவ்விடத்துச் சிறையை அனுபவித்தனர். அவர்களுள் 200க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமலாக்கப்பட்டனர். பின்னாளில் இருமுறை சிலியின் ஜனாதிபதியாய் வீற்றிருந்த மிசெல் பசெலே, 1975ஆம் ஆண்டு தம் அன்னையாருடன் அங்கே சிறைவைக்கப்பட்டவர். அவர் தந்தையார் ஜெனரல் அல்பேர்ட்டோ பசெலே அதற்கு முந்திய ஆண்டிற் சிறையிலேயே உயிர் நீத்தவர்.

அம்மாளிகைக்குக் கொண்டுவரப்பட்ட ஒவ்வொருவரின் கண்களும் கட்டப்பட்டிருந்தன. நாட்கணக்காக, வாரக்கணக்காக அக்கட்டு அவிழ்க்கப்படவில்லை. தாம் நகரின் எப்பகுதியில் இருக்கின்றோம் என்பதையும் கைதிகள் அறியார். ஆயினும் எத்துணை இறுகக் கட்டினும், மூக்கின் இருமருங்கிலும் ஒரு சிறு இடைவெளி எஞ்சும். அவ்விடைவெளி வழியே கீழ்நோக்கினால், தம் கால்களும், கால்கள் நிற்கும் தரையும் ஓரளவு தெரியும். நடத்திச் செல்லப்படும்போது எத்தனை படிகள், எங்கே கல் பாவியது, எங்கே ஓடு பாவியது, அவ்வோட்டின் நிறம் என்ன, கோலம் என்ன என்பனவற்றை அவர்கள் மனத்திற் பதித்துக்கொண்டனர். உலகம் முழுவதும் அவர்களுக்கு ஒரு சாண் அகலத் தரையாகச் சுருங்கியிருந்தது.

அத்தரையே பிற்காலத்திற் சாட்சியாயிற்று. சந்தியாகோ நகரின் நடுவில், லொண்ட்ரெஸ் வீதி 38ஆம் இலக்க இல்லம் அவ்வாறான மற்றொரு சிறை. அங்கிருந்து உயிர் தப்பியோர், கறுப்பும் வெள்ளையுமாய்ச் சதுரங்கப் பலகை போலப் பாவப்பட்டிருந்த தரை ஓடுகளைக் கண்கட்டின் கீழே கண்டிருந்தனர். அண்மையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ தேவாலயத்தின் மணியோசையையும் கேட்டிருந்தனர். இவ்விரு அடையாளங்களும் அவ்வில்லத்தை இனங்காட்ட உதவின. அதிகாரிகள் மறுத்ததைத் தரையிலிருந்த ஓடு மறுக்கவில்லை. இன்று அவ்வில்லத்தின் வாயிலில், வீதியிலேயே, கறுப்பும் வெள்ளையுமான கற்கள் பதிக்கப்பட்டு, அவற்றிடையே அங்கு உயிரிழந்தோரின் பெயர்களும் பதிக்கப்பட்டுள்ளன. உள்ளே இருந்த தரையின் கோலம் வெளியே, எல்லோர் கண்ணும் காண, வீதிக்கு வந்துவிட்டது.

வில்லா கிரிமால்டியின் கதை வேறு. அங்கே சாட்சி சொல்லவேண்டிய கட்டடமே அழிக்கப்பட்டது. இராணுவ ஆட்சியின் இறுதிக் காலத்தில் அந்நிலம் வீடமைப்புக்காக ஒரு கட்டட நிறுவனத்துக்குக் கைமாறியது. மாளிகை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. புதிய வீடுகள் எழுந்திருப்பின், அங்கு நிகழ்ந்தவை வெறுங் கதையாகவே போயிருக்கும். அயலில் வாழ்ந்த மக்களும், சிறையிலிருந்து மீண்டோரும், இறந்தோரின் உறவினரும், சமயத் தொண்டர்களும் ஒன்றுகூடி அதனை எதிர்த்தனர். இறுதியில் அரசு நிலத்தை மீட்டது. 1994ஆம் ஆண்டு திசெம்பர் 10ஆம் நாள், மனித உரிமைகள் தினத்தன்று, மக்கள் உள்ளே சென்றனர். 1997ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவ்விடம் சமாதானப் பூங்காவாகத் திறந்துவைக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டிலிருந்து அது சட்டத்தாற் பாதுகாக்கப்படும் தேசிய நினைவுச் சின்னமாகும்.

உள்ளே சென்றோர் கண்டவை இடிபாடுகள் மாத்திரமே. சில படிகள், நீச்சற் குளம், மதிலின் பகுதிகள், அவற்றோடு எங்கும் சிதறிக் கிடந்த ஓட்டுத் துண்டுகள். கைதிகள் கண்கட்டின் கீழே கண்ட தரை அத்துண்டுகளாகவே எஞ்சியிருந்தது. அவற்றை வாரி எறிந்துவிட்டுப் புதிய பளிங்கு பாவியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. துண்டுகளைப் பொறுக்கி, ஒன்றன் அருகே ஒன்றாகச் சீமெந்தில் அழுத்தி, பல வண்ணப் பதிகோலங்களாக ஆக்கினர். சித்திரவதைக் கூடம் இருந்த இடம் எது, கைதிகள் வந்திறங்கிய இடம் எது, ஒடுங்கிய மரக் கூண்டுகள் நின்ற இடம் எது என்று அறிவிக்கும் குறிப்புகளை அப்பதிகோலங்களிடையே பொறித்தனர். அவ்வறிவிப்புகளைத் தூண்களில் உயர்த்தி நாட்டவில்லை, தரையிலேயே அமைத்தனர். பூங்காவுக்கு வருபவர் அவற்றைப் படிக்கவேண்டுமாயின் தலையைக் குனிந்தே தீரவேண்டும். கைதி எந்நோக்கில் அவ்விடத்தைக் கண்டானோ, அந்நோக்கிலேயே பார்வையாளரும் அதனைக் காண்கின்றனர். கற்பிக்கும் முறைகளுள் இதனினும் சிறந்தது அரிது. நூறு பக்கம் எழுதி விளக்கவேண்டியதை ஒரு குனிவு விளக்கிவிடுகின்றது.

கைதிகள் கொண்டுவரப்பட்ட பழைய இரும்பு வாயிற் கதவு, இனி ஒருபோதும் திறக்கப்படாது என்னும் உறுதியோடு பூட்டி வைக்கப்பட்டுள்ளது. பார்வையாளர் வேறு வாயிலாலேயே உட்புகுகின்றனர். உயர்ந்த மதிலொன்றில் அவ்விடத்தில் உயிரிழந்தோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயினும் காண்போர் மனத்தைப் பெரிதும் கவர்வது அங்குள்ள ரோசாத் தோட்டமாகும். பழைய மாளிகையிலும் ரோசாத் தோட்டம் இருந்ததன்றோ? கண்கள் கட்டப்பட்டிருந்த கைதிகளுக்கு அம்மலர்களின் நறுமணம் எட்டியதென மீண்டவர்கள் கூறியுள்ளனர். துன்பத்தின் நடுவே வந்த அம்மணத்தை அவர்கள் மறக்கவில்லை. ஆதலின், கொல்லப்பட்டோரும் காணாமலாக்கப்பட்டோருமான பெண்களின் நினைவாக அங்கே மீண்டும் ரோசாக்கள் நடப்பட்டன. ஒவ்வொரு செடியின் அடியிலும் ஒரு பெண்ணின் பெயர் தாங்கிய சிறு சுட்டமண் வில்லை வைக்கப்பட்டுள்ளது. செடி பட்டுப்போனால் வேறு செடி நடலாம்; பெயரோ மாறுவதில்லை.

வில்லா கிரிமால்டியில் அடைக்கப்பட்ட பெண்களுள் ஒருவர் மார்த்தா உகார்த்தே என்னும் ஆசிரியை. கம்யூனிஸ்ற் கட்சியின் மத்திய குழுவில் அவர் உறுப்பினராய் இருந்தார். 1976ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்திற் கைதுசெய்யப்பட்டார். கொலையுண்ட பின் அவர் உடல் கடலில் வீசப்பட்டது. ஆனால், கடல் அதனை ஏற்கவில்லை. செப்ரெம்பர் மாதத்தில் லொஸ் மொல்யெஸ் என்னும் ஊரின் கரையில் அவ்வுடல் ஒதுங்கியது. அக்காலப் பத்திரிகைகள் அதனைக் காதல் விவகாரத்தில் விளைந்த கொலையென எழுதின. உடல் கிடைத்தபோதுங் கூட அவருடைய வாழ்க்கை அவரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. பெயரை மெய்யாக எழுதுவது எத்துணை முக்கியம் என்பதையும் அது உணர்த்துகின்றது. 2004ஆம் ஆண்டில், நீதிபதி ஒருவரின் ஆணைப்படி கடலடியில் தேடியபோது, உடல்களை அமிழ்த்துவதற்குப் பயன்பட்ட புகையிரதத் தண்டவாளத் துண்டுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றிற் சட்டைப் பொத்தானொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அத்துண்டுகளும் இன்று இப்பூங்காவிலேயே பேணப்படுகின்றன.

இனி, இவ்வாறான நினைவுக்கு மண் ஏன் பொருந்துகின்றது என்பதையும் நோக்கவேண்டும். பச்சைக் களிமண் வெயிலிற் காய்ந்து இறுகினும், நீர் பட்டதும் மீண்டும் சேறாகிவிடும். சூளையில் வெப்பம் ஏறி ஏறத்தாழ 600 பாகை செல்சியஸைக் கடக்கும்போது, களிமண்ணின் துகள்களோடு இரசாயன முறையிற் பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகின்றது. அதன்பின் எத்தனை மழை பெய்தாலும் அது மீண்டும் குழையாது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டுமா என்று தமிழிற் கேட்பது இது பற்றியே. மேற்பூச்சாக இடப்படும் மெருகு உண்மையில் மெல்லிய கண்ணாடிப் படலமாகும். அதிற் கோபாற்று ஒட்சைட்டு நீலத்தையும், செம்பு ஒட்சைட்டு பச்சையையும், இரும்பு ஒட்சைட்டு பழுப்பையும் தருகின்றன. துணியில் ஏற்றிய சாயம் வெயிலில் வெளிறும். தாளில் எழுதியது கறையானுக்கு இரையாகும். நெருப்பில் நிலைபெற்ற நிறமோ நூற்றாண்டுகள் கடந்தும் மங்குவதில்லை.

மண் எளியோர் பொருளாகவும் உள்ளது. வெண்கலச் சிலை வார்க்கப் பெரும்பணம் வேண்டும். பளிங்குத் தூண் நிறுத்த அரசின் ஆதரவு வேண்டும். களிமண்ணோ ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் கிடைக்கின்றது. அதிற் பெயர் கீற ஒரு குச்சி போதும். தமிழ்நாட்டிற் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த பானையோடுகளிலே, ஈராயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்த சாதாரண மக்களின் பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்திற் கீறப்பட்டுள்ளன. அப்பெயர்களை எந்த மெய்க்கீர்த்தியும் பாடவில்லை; எனினும் அவை இருக்கின்றன. பானை உடைந்தது, பெயர் உடையவில்லை. மண்ணின் இவ்வியல்பை அறிந்தோ அறியாமலோ, அதிகாரத்தாற் கைவிடப்பட்டோர் தம் நினைவைப் பெரும்பாலும் மண்ணிடமே ஒப்படைத்துள்ளனர்.

சிலியின் அயல் நாடாகிய ஆர்ஜென்ரீனாவில் இந்நினைவு மற்றொரு வடிவம் பெற்றது. அங்கே 1976ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் தொடங்கிய இராணுவ ஆட்சி 1983ஆம் ஆண்டு திசெம்பர் வரை நடந்தது. மக்களாட்சி மீண்டபின் அமைக்கப்பட்ட ஆணைக்குழு 1984ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில், காணாமலாக்கப்பட்டோர் 8,960 பேரும், ஏறத்தாழ 340 இரகசியத் தடுப்பு நிலையங்களும் பதிவாயின. உண்மைத் தொகை 30,000 என மனித உரிமை இயக்கங்கள் கூறுகின்றன. தலைநகரான புவெனஸ் அயர்ஸிலிருந்த கடற்படை இயந்திரவியற் கல்லூரி அந்நிலையங்களுட் பெரியது. ஏறத்தாழ 5,000 பேர் அங்கு அடைக்கப்பட்டனர். அவர்கள் பெயர் சொல்லி அழைக்கப்படவில்லை. எண்களே அவர்களுக்குப் பெயர்களாயின. பலர் மயக்க மருந்து ஏற்றப்பட்டு, விமானங்களிலிருந்து கடலுக்குள் வீசப்பட்டனர்.

இந்நாட்டில் மக்கள் கையாண்ட முறை யாதெனில், சிறையிருந்த இடத்தை மாத்திரமன்றி, வாழ்ந்த இடத்தையும் குறிப்பதாகும். இராணுவப் புரட்சியின் முப்பதாம் ஆண்டு நெருங்கியபோது, 2005ஆம் ஆண்டில், புவெனஸ் அயர்ஸ் நகரின் பல பகுதிகளிலும் வாழ்ந்த அயலவர்கள் நினைவுக்கும் நீதிக்குமாக ஒரு கூட்டமைப்பாக இணைந்தனர். காணாமலாக்கப்பட்டவர் குடியிருந்த வீட்டின் முன்னும், கற்ற பாடசாலையின் முன்னும், தொழில் செய்த ஆலையின் முன்னும், பிடித்துச் செல்லப்பட்ட தெருமுனையிலும் நடைபாதையிலே ஓர் ஓடு பதிப்பது அவர்கள் மேற்கொண்ட பணி. இன்று அந்நகரின் நடைபாதைகளில் இவ்வாறான ஓடுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன.

இவ்வோடுகள் சூளையிற் சுடப்படுபவையல்ல. சீமெந்துக் கலவையில் வார்க்கப்படுபவை. செய்யப்படும் முறையாலேயே அவை சுட்டமண் நினைவுகளோடு உறவு கொள்கின்றன. தொழிற்சாலையில் அச்சடித்து வாங்கினால் வேலை விரைவில் முடியும், அவ்வாறு செய்வதில்லை. குடும்பத்தினரும் நண்பரும் அயலவரும் ஓரிடத்திற் கூடுகின்றனர். ஒருவர் கலவையைக் குழைக்கின்றார். ஒருவர் எழுத்துக்களை ஒவ்வொன்றாக அச்சில் அடுக்குகின்றார். மற்றொருவர் வண்ணக் கண்ணாடித் துண்டுகளையும் ஓட்டுத் துண்டுகளையும் ஓரங்களிற் பதிக்கின்றார். பேரப் பிள்ளையின் சிறு விரலும் ஒரு துண்டை அழுத்துகின்றது. கலவை இறுகும்வரை காத்திருக்கும் பொழுதிலே, மறைந்தவரைப் பற்றிய பேச்சுத் தொடங்குகின்றது. அவர் எவ்வாறு சிரிப்பார், எந்தப் பாட்டை விரும்பினார், எந்த ஆசிரியரிடம் கற்றார் என்பன பேசப்படுகின்றன. பல ஆண்டுகளாக அச்சத்தால் வாய் மூடியிருந்த அயலவர் ஒருவர், அன்றிரவு தாம் யன்னலின் வழியே கண்டதை முதன்முறையாகச் சொல்லக்கூடும். ஆதலால், ஓடு செய்தல் என்பது ஒருவகையில் எண்ணெயும் பூவும் இல்லாத ஒரு நினைவுச் சடங்கு எனலாம்.

ஓட்டில் எழுதப்படும் வாசகமும் எளிமையானது. இன்னார் இங்கே வாழ்ந்தார், அல்லது இங்கே கற்றார், அல்லது இங்கே தொழில் செய்தார், மக்களுக்காக உழைத்தவர், இன்ன நாளில் அரசின் பயங்கரத்தாற் பிடிக்கப்பட்டுக் காணாமலாக்கப்பட்டார். இதற்குமேல் அதிகமில்லை. இறந்தார் என்று அது கூறாமை கவனிக்கத்தக்கது. இறப்பை உறுதிசெய்ய உடல் கிடைக்கவில்லை. அறியப்பட்டதை மாத்திரமே ஓடு சொல்கின்றது. அதே வேளையில், அவரை வெறும் பலியாகவும் அது காட்டவில்லை; வாழ்ந்தவராக, கற்றவராக, உழைத்தவராக, ஒரு கொள்கையை நாடியவராகக் காட்டுகின்றது. சிறையில் எண்ணாய் இருந்தவர் தெருவில் மீண்டும் பெயராகின்றார்.

ஓடு பதிக்கும் நாள் ஊருக்கு ஒரு பொதுநாளாகின்றது. தெருவில் மக்கள் கூடுகின்றனர், மறைந்தவரை அறிந்தோர் பேசுகின்றனர், பாடுகின்றனர். பதித்த மறுநாளிலிருந்து, பாணும் பாலும் வாங்கச் செல்வோர் அதனைக் கடக்கின்றனர். பாடசாலைப் பிள்ளைகள் குனிந்து எழுத்துக் கூட்டிப் படிக்கின்றனர். இவர் யார் என்று ஒரு பிள்ளை தாயைக் கேட்குமாயின், ஓடு தன் கடமையைச் செய்துவிட்டது எனலாம்.

அந்நகரிற் சாந்தா குரூஸ் என்னும் தேவாலயம் உண்டு. காணாமற் போனோரின் அன்னையர் 1977ஆம் ஆண்டு அங்கே கூடிவந்தனர். அவ்வாண்டு திசெம்பர் மாதத்திற் கடற்படையினர் அங்கிருந்தும் வேறிடங்களிலிருந்தும் பன்னிருவரைப் பிடித்துச் சென்றனர். அன்னையர் இயக்கத்தைத் தொடக்கியவர்களுள் ஒருவரான அசுசேனா விலியாபுளோரும், பிரான்சு நாட்டுக் கன்னியர் இருவரும் அவர்களுள் அடங்குவர். மகனைத் தேடிய தாயே காணாமலாக்கப்பட்டார். கடலில் வீசப்பட்ட உடல்களுட் சில கரையொதுங்கின. பெயரறியாப் பிணங்களெனப் புதைக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டில், தடயவியல் மானிடவியலாளர் அவ்வெலும்புகளை ஆராய்ந்து, அசுசேனா முதலியோரை அடையாளங் கண்டனர். அன்னையர் வாரந்தோறும் சுற்றி நடந்த மே சதுக்கத்திலேயே அசுசேனாவின் சாம்பல் அடக்கஞ் செய்யப்பட்டது. இருபத்தெட்டு ஆண்டுகள் கடந்து அவருக்கு ஓர் இடம் கிடைத்தது.

இவ்வகை நினைவுச் சின்னங்களைப் பற்றி எல்லோரும் ஒருமனப்பட்டவர்களல்லர். நெல்லி ரிச்சர்ட் என்னும் சிலி நாட்டுத் திறனாய்வாளர், வில்லா கிரிமால்டிப் பூங்காவின் ஒழுங்கும் அழகும் அங்கு நிகழ்ந்த கொடுமையை மூடிவிடுகின்றன எனக் குறை கூறினார். வண்ண ஓடுகளும் மலர்ச் செடிகளும் காண்போரை மகிழ்வித்து அனுப்பிவிடுமாயின், நினைவிடம் பொழுதுபோக்கிடம் ஆகிவிடாதோ என்பது இவ்வகை வாதத்தின் சாரம். இக்கேள்வி எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் மறுபுறத்தாரின் விடையும் எண்ணத்தக்கதே. சித்திரவதை செய்தோர் அவ்விடத்தை அருவருப்பின் இடமாக விட்டுச் சென்றனர். அவர்கள் விட்ட வண்ணமே அதனை வைத்திருப்பது அவர்களின் செயலுக்கே இறுதிச் சொல்லைக் கொடுத்தலாகும். உடைந்ததை உடைந்ததாகவே காட்டி, ஆனால் அன்போடு அடுக்கி வைப்பதில் பொய் இல்லை. பதிகோலத்தில் ஒவ்வொரு துண்டின் முறிந்த விளிம்பும் கண்ணுக்குத் தெரிகின்றது. துண்டுகள் ஒன்றுசேர்ந்தன, முறிவு மறைக்கப்படவில்லை.

ஓடு உடையக்கூடியது என்பதும் ஒரு குறையாகச் சொல்லப்படும். புவெனஸ் அயர்ஸில் நடைபாதை திருத்தும் வேலைகளின்போது சில ஓடுகள் பெயர்க்கப்பட்டன. வேண்டுமென்றே உடைத்தோரும் கறை பூசினோரும் உளர். அவ்வாறு நேரும் போதெல்லாம் அயலவர் மீண்டும் கூடுகின்றனர். மீண்டும் கலவை குழைக்கின்றனர். மீண்டும் பெயரை எழுத்தெழுத்தாக அடுக்குகின்றனர். வெண்கலச் சிலையை நிறுவியபின் மக்கள் அதனை மறந்துவிடலாம். சிலை தானே நினைத்துக்கொண்டிருக்கும் என்பது அவர்களின் எண்ணம். உடையும் ஓட்டையோ மறக்க முடியாது. அதற்குக் காவலாக ஊர் விழித்திருக்க வேண்டும். ஆகையால், உடையக்கூடியது என்னும் குறையே அதன் வலிமையுமாகின்றது.

ஆயினும் ஓர் எல்லையைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பறிக்கப்பட்ட மூன்றனுள், பெயரையும் இடத்தையும் சுட்ட மண் மீட்டுத் தருகின்றது; உடலை அதனால் மீட்க முடியாது. அதற்கு அகழ்வாய்வும், மரபணு ஆய்வும், கோப்புகளைத் திறப்பதும், உண்மையை அறிந்தோர் வாய் திறப்பதும் வேண்டும். சிலி அரசு 2023ஆம் ஆண்டில், இராணுவப் புரட்சியின் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, 1,469 பேரின் கதியை அறிவதற்கான தேசியத் தேடல் திட்டத்தை அறிவித்தது. அதுவரை அத்தேடலின் சுமையைப் பெரும்பாலும் குடும்பங்களே தாங்கின. ஆர்ஜென்ரீனாவில் 1984ஆம் ஆண்டு உருவான தடயவியல் மானிடவியற் குழு, இன்றுவரை எலும்புகளுக்குப் பெயர் தேடி வருகின்றது. நினைவுச் சின்னம் எழுப்பியாயிற்று, இனி வழக்கு எதற்கு என்று அதிகாரம் கேட்குமாயின், அச்சின்னம் வாயடைக்கும் கல்லாகிவிடும். மெய்யான நினைவோடு கேள்வியைத் தூங்கவிடுவதில்லை.

காவலிற் கொல்லும் அதிகாரம் நம்புவது மறதியை. ஆள் இல்லை, பெயர் இல்லை, இடம் இல்லை, ஆகவே குற்றமும் இல்லை என்பது அதன் கணக்கு. அக்கணக்கைப் பொய்யாக்குவதற்குப் படையும் பணமும் தேவைப்படவில்லை. ஒரு பிடி மண்ணும், அதனை வனையும் கையும், பெயரை அறிந்த ஒரு நெஞ்சும் போதியனவாயின. பெஞ்ஞலோலேனில் ரோசாச் செடியின் அடியிலிருக்கும் வில்லையைப் படிக்கக் குனிபவர், தாம் ஒருபோதும் கண்டிராத ஒரு பெண்ணின் பெயரை மெல்ல உச்சரிக்கின்றார். அப்பெண் இருந்தாள் என்பதற்கு அன்றைய தினம் மேலும் ஒரு சாட்சி சேர்கின்றது.